வாப்பாவின் வலது கால்

ஜெமீலா உம்மா சூட்கேசின் மேல் ஏறி உட்கார்ந்து அதன் வாயை மூடப் பாடுபட்டுக்கொண்டிருந்த இடத்தில் போன வாரம் நின்றோம். சூட்கேஸ் ஒருவழியாக மூடிக்கொண்டது. உம்மாவும் வாப்பாவும் ஹஜ்ஜுக்குப் புறப்பட இன்னும் இரண்டு நாள்தான். ஆனால் வாப்பாவின் மனசு மட்டும் பூட்டுப்படாமல் கிடந்தது.

காலையிலிருந்து வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் வாப்பா சீனிமுகம்மது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு உறவுகளிடமும் அயலவர்களிடமும் மன்னிப்பு வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அல்லாஹ் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த குறையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். கல்முனையில் இதை யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஏற்றிக்கொண்டு போகிறவன் மகன் றிஸ்கான். போகிற வாகனம், எல்லாருடைய வாயிலும் அடிபடுகிற அந்த டட்சன் பிக்கப்.

எழுபத்தெட்டாம் ஆண்டு வாகனம் அது. முப்பது வருசம் வாப்பாவின் நெல்லையும் உரத்தையும் சுமந்துவிட்டு, கடைசியில் கோழிகள் முட்டையிடுகிற இடமாகக் கிடந்தது. கட்டாரிலிருந்து திரும்பி வந்த றிஸ்கான் அதை ஆலையடிவேம்பில் மதுஷனின் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனான். ஒரு வருசத்துக்குக் கிட்ட அது அங்கேயே கிடந்தது. வெளியே வந்தபோது தோற்றம் மட்டும் பழசு. அதே வட்ட விளக்கு, அதே பம்பர், வாப்பாவுக்குப் பிடித்த அதே பாசிப்பச்சை. உள்ளே டர்போ டீசல் எஞ்சின், ஐந்து கியர், ஒற்றை விரலால் திருப்புகிற பவர் ஸ்டியரிங், ஏசி, காரிலிருந்து கழற்றிப் போட்ட சொகுசு சீற், பின்னால் வருவதைக் காட்டுகிற கமரா. பொடியன்மார் அதோடு சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள்.

பிரேக்கும் புதுசு. வினை அங்கேதான் இருந்தது.

"ஏசியக் கொஞ்சம் குறை மகன். முழங்கால் விறைக்கிது."

றிஸ்கான் குறைத்தான். வாப்பா அந்தப் புதுச் சீற்றில் வேற்று வீட்டுக் கதிரையில் இருப்பவர் மாதிரி, முதுகு சாயாமல் இருந்தார். மடியில் தொப்பி. கண் ரோட்டில்.

சாய்ந்தமருது தாண்டும்போது ஆட்டோ ஒன்று திடீரென்று குறுக்கே திரும்பியது. றிஸ்கான் பிரேக்கை மெல்லத் தொட்டான், பிக்கப் பணிவாக நின்றது. ஆனால் அவன் ஆட்டோவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வாப்பாவின் வலது கால் கீழே விரிப்பை ஒருதரம், இரண்டுதரம் குத்தி, பிறகு முழுப் பாரத்தோடு ஊன்றியதைப் பார்த்தான். பழைய பிக்கப்பின் பிரேக்கை அப்படித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு குத்து, பிறகு ஏறி நிற்கிற மாதிரி ஒரு மிதி. முப்பது வருசம் அந்தக் கால் படித்த பாடம்.

மகன் பார்ப்பதைக் கண்டுவிட்டு வாப்பா காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இதுக்கு இன்னும் வேலை பறிபோனது தெரியா," என்று சிரித்தார்.

றிஸ்கானுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரும்போக அறுவடையின்போது நடந்தது அது. புதுக்கிய பிக்கப்பை முதன்முதலாக வாப்பாவின் கையில் கொடுத்த நாள். மதுஷன் முன்னரே சொல்லியிருந்தான்: "பிரேக் பூஸ்டர் இந்த வாகனத்துக்குக் கூடிப்போச்சு மச்சான். தொட்டாலே நிக்கும். கொழும்பால சின்னது ஒண்டு வருது. அதுவரைக்கும் வாப்பாட்ட குடுக்காத. குடுத்தா சொல்லிக் குடு."

வாப்பா திறப்புச் சாவியை வாங்கிக்கொண்டு தானாகவே கேட்டார்: "பிரேக்கு, கிளச்சு எல்லாம் பழைய மாதிரித்தானே மகன்?"

றிஸ்கான் கைபேசியைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். வாப்பாவின் முகம் மலர்வதைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவதி.

"ஓம் வாப்பா, எல்லாம் அப்பிடியேதான். இஞ்சால பாத்துச் சிரிங்க."

வயல் வட்டையிலிருந்து திரும்பி வரும்போது மதகடியில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. வாப்பா பழக்கத்தில் ஏறி நின்று மிதித்தார். பிக்கப் ஆணி அறைந்த மாதிரி நின்றது. பின்னால் பக்கத் தட்டில் உட்கார்ந்து வந்த மருமகன் சுபியான் நிற்கவில்லை. பறந்துபோய் மதகுக் கட்டில் விழுந்தான். வலது தோள் நொறுங்கியது.

மறுநாளே சின்னப் பூஸ்டர் வந்துவிட்டது. றிஸ்கான் யாருக்கும் மூச்சுக் காட்டாமல் அதைப் பூட்டிக்கொண்டு வந்தான். அதற்கு அடுத்த நாள் வாப்பா வந்து திறப்பை அவன் கையில் வைத்தார். "என்ட காலுக்கு நிதானம் போயிட்டு மகன். இனி இது உனக்குத்தான்," என்றார்.

றிஸ்கான் வாங்கிக்கொண்டான். வாய் திறந்து ஒரு சொல் சொல்லாமல் வாங்கிக்கொண்டான்.

காரைதீவில் சிவக்கொழுந்தின் வீடு. வாப்பாவின் வயலும் அவருடைய வயலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிப்பவை. மனிதர் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். பிக்கப்பைக் கண்டதும் எழும்பி வந்து அதன் மூக்கைத் தடவிப் பார்த்தார்.

"வாங்க ஹாஜியார். பிக்கப்புக்கும் ஹஜ்ஜு முடிஞ்ச மாதிரியெல்லோ ஒரு வெளிச்சம்."

"இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள ஹாஜியாராக்கிட்டீங்களே அண்ணன்," என்று வாப்பா இறங்கி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்புக் கேட்டுப் போக வந்தன். ரெண்டு மூணு போகம் ஒங்கட பக்கத்துத் தண்ணிய மறிச்சு என்ட வயலுக்குத் திருப்பியிரிக்கன். நீங்க வேற ஆளோட சண்டைக்குப் போனீங்க. அப்பவும் நான் பேசாமத்தான் இரிந்தன்."

சிவக்கொழுந்து கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இத இப்ப சொன்னா நானும் சொல்லத்தானே வேணும். மற்றப் போகமெல்லாம் மறிச்சது நான்தான்."

"அப்பிடியா சங்கதி?"

"பின்ன? ஒங்கட வயல் அந்த வருசம் வெளிறிக் கிடந்தது பூச்சியால எண்டா நினைச்சீங்க?"

இரண்டு பேரும் கையை விடாமல் நின்று சிரித்தார்கள். சிவக்கொழுந்து வீட்டுக்காரி கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு வாப்பா திரும்பி வந்து ஏறினார். முகத்தில் ஒரு இலேசு. ஒரு சுமை இறக்கிய ஆள் அப்படித்தான் இருப்பார்.

எவ்வளவு சுகமாக முடிந்துவிட்டது என்று றிஸ்கான் நினைத்தான். கையைப் பிடித்தார், சொன்னார், முடிந்தது. தனக்கு ஏன் இந்த மூன்று மாதமாக நாக்கு எழும்பவில்லை?

பிரதான வீதிக்கு ஏறியதும் துணிந்தான்.

"வாப்பா."

"என்ன மகன்?"

எதிரே பஸ் ஒன்று முழக்கிக்கொண்டு போனது. அது போய் முடிந்தபோது துணிவும் அதோடு போய்விட்டிருந்தது.

"ஒண்டுமில்ல. ஏசி இவ்வளவு காணுமா எண்டு கேட்டன்."

"காணும், காணும். இனி ஒரு வீடுதான் மிச்சம்," என்றார் வாப்பா. "எல்லாத்திலயும் பெரிய வீடு."

அது கல்முனையில் வாப்பா தன் கையால் கட்டிய வீடுதான். மகள் முஸ்பிறாவின் கலியாணத்துக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அவரும் உம்மாவும் றிஸ்கானும் இரண்டு தெரு தள்ளிச் சின்ன வீட்டுக்குப் போய்விட்டார்கள். மருமகன் சுபியான் வயரிங் வேலை செய்கிறவன். ஊரில் பாதி வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தவன். இப்போது வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. கூட்டாளி ஒருவனின் கடையில் உட்கார்ந்து பல்ப் விற்கிறான். மாமனாரோடு கதைப்பதை விட்டு மூன்று மாதம். தான் கட்டிய வீட்டு வாசலில் வாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, அழைக்கிறவரைக்கும் நின்றார்.

"வாங்க வாப்பா. என்ன, பிறத்தி ஆள் மாதிரி நிக்கிறீங்க?" முஸ்பிறா ஓடி வந்தாள். பின்னால் வந்த தம்பியைப் பார்த்து, "நீயும் வா. அந்த வாகனத்தக் கொஞ்சம் தள்ளி உட்டிரிக்கலாமே. அவருக்கு அதக் கண்டாலே ஆகாது," என்றாள் தணிந்த குரலில்.

சுபியான் உள்ளே கதிரையில் இருந்தான். எழும்பினான், ஸலாம் சொன்னான், பிறகு தரையைப் பார்த்தான். முஸ்பிறா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

வாப்பா கதிரையின் நுனிக்கு வந்தார்.

"மருமகன், நான் என்னத்துக்கு வந்திரிக்கன் எண்டு தெரியும். ஒங்கட கையக் கெடுத்தவன் நான். ஒங்கட தொழிலக் கெடுத்தவன் நான். எனக்கு மாப்புத் தாங்க."

"தந்துட்டன் மாமா."

"அல்ஹம்துலில்லாஹ்."

முஸ்பிறா கதவோரத்தில் நின்றாள். "எங்க பாத்துத் தந்தீங்க? வாப்பா இஞ்ச இரிக்கார். நிலத்தில இல்ல."

சுபியான் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"சரி, உண்மையச் சொல்லட்டா மாமா? வாயால ஆயிரம் தரம் தரலாம். நெஞ்சில இரிக்கிற கல்பு தருதில்ல. பொய்யா ஒரு மாப்பத் தந்து அத நீங்க அரபா மைதானத்துக்குக் கொண்டுபோக ஏலாதுதானே?"

"என்னங்க இது?" என்றாள் முஸ்பிறா.

"இரு புள்ள, அவர் கதைக்கட்டும்," என்றார் வாப்பா.

"கை போனது கூட இல்ல மாமா. மாடு வந்தா யாரும் பிரேக் அடிக்கத்தான் வேணும். பின்னால நான் இரிக்கிறன் எண்டு தெரிஞ்சும் அப்பிடி அடிச்சீங்களே. நெல்லு மூட்டைய ஏத்தி வந்தாக் கூட நீங்க அப்பிடி அடிக்க மாட்டீங்க. மருமகன் எண்டா மூட்டையிலயும் கேவலமா எண்டு, அந்த மதகுக் கட்டில கிடந்து அதத்தான் நினைச்சன். அது போகுதில்ல."

வாப்பா அவனுடைய தோளைப் பார்த்தார்.

"மறக்கல்ல மருமகன். நீங்க இரிக்கிறது தெரியும். எப்பவும் மாதிரித்தான் மிதிச்சன், வாகனம் வேற மாதிரி நிண்டுட்டு. எப்பிடி எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கல்ல. வயசு. வேற என்னத்தச் சொல்ல?" அவர் தன் வலது முழங்காலின் மேல் கையை வைத்தார். "பயணத்த நிப்பாட்டுவம் மகள்."

"வாப்பா!"

"மனிசன்ட ஹக்க, தீர்க்காத கடன, கழுத்தில போட்டுக்கிட்டு அங்க போய் அல்லாஹ்ட்ட என்னத்தக் கேக்கிற? உம்மாவ உன்ட மாமாவோட அனுப்புவம். எனக்கு ஹயாத் இரிந்தா அடுத்த வருசம் பாப்பம்."

கோபத்தில் சொன்னது அல்ல. வாப்பா ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் குரல் இப்படித்தான் பதமாக இறங்கும். றிஸ்கானுக்கு அது தெரியும். இருபது வருசம் காத்திருந்து கிடைத்த பயணம் அது என்பதும் தெரியும். தன்னுடைய ஒரு பொய்யில் அது இப்போது கவிழ்ந்துகொண்டிருக்கிறது.

"வாப்பாட பிழை இல்ல," என்றான்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"பிரேக்குத்தான். பூஸ்டர் பெரிசாப் போட்டுட்டம். காலால தொட்டாலே நிக்கும். மதுஷன் சொன்னவன், வாப்பாட்ட குடுக்காத எண்டு. நான்... நான் ஒண்டும் சொல்லாமக் குடுத்துட்டன்."



"இப்பவும் அப்பிடியா இரிக்கி அது?" என்று கேட்டான் சுபியான்.

"இல்ல மச்சான். சரி செஞ்சிட்டன்."

"எப்ப?"

றிஸ்கான் தலையைக் குனிந்தான். "அடுத்த நாள்."

முஸ்பிறா ஒரு அடி முன்னால் வந்தாள். "அடுத்த நாளா? நான் ஆஸ்பத்திரியில இவர்ட தலைமாட்டில இரிந்த நாள். ஊர்ச்சனம் வந்து வந்து, வயசு போன மனிசன்ட கையில வாகனத்தக் குடுத்தீங்களே எண்டு என்ட வாப்பாவ நக்கல் அடிச்ச நாள். நீ அப்ப கராஜில போய் நிண்டிரிக்காய்."

"ராத்தா, நான் சொல்லத்தான் இரிந்தன்..."

"எப்ப சொல்ல இரிந்த? வாப்பா மௌத்தானதுக்குப் பிறகா? என்ட புருசனும் என்ட வாப்பாவும் நோன்புப் பெருநாளுக்குக் கூட ஒரு சஹன் தட்டில இரிந்து சோறு தின்னல்ல. நான் இவருக்கொரு முகம், அவருக்கொரு முகம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சன். நீ ஏசியப் போட்டுக்கிட்டு ஒலுவில் வரைக்கும் சவாரி உட்ட."

சொல்வதற்கு இருந்த பதில்கள் எல்லாம் அவனுக்கே அசிங்கமாக இருந்தன.

வாப்பா மட்டும் எதையோ வரிசைப்படுத்திக்கொண்டிருப்பவர் மாதிரி இருந்தார்.

"அண்டைக்கி நான் கேட்டன்," என்றார் மெல்ல. "பழைய மாதிரித்தானே எண்டு."

"ஓம் வாப்பா."

"சரி, அது பொடியன் புத்தி. வீடியோ எடுக்கிற அவசரம். அத உடு. பூஸ்டர மாத்திட்டு வந்த பிறகுதானே நான் திறப்பக் கொண்டுவந்து உன்ட கையில தந்தன்?"

"ஓம்."

"என்ட கால் நம்ப ஏலாம போயிட்டு எண்டு சொல்லித் தந்தன்."

"ஓம் வாப்பா."

"வாங்கிட்டியே மகன்."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது றிஸ்கானுக்கு.

சுபியான் எழும்பினான். வலது கையை நீட்டப் பார்த்து, அது வராமல் போகவே இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து மாமனாருக்கு முன்னால் நீட்டினான்.

"மாமா, இப்ப தாறன். கல்பாலதான் தாறன். நீங்களும் எனக்குத் தரணும். மூணு மாசமா ஒங்கட ஸலாமுக்கு ஒழுங்காப் பதில் சொல்லல்ல."

வாப்பா இரண்டு கையாலும் அந்தக் கையை நோகாமல் பொத்திக்கொண்டார். முஸ்பிறா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்தாள்.

"வேற ஊத்திக்கிட்டு வாறன். குடிக்காமப் போக உடமாட்டன்."

மூன்று கோப்பைதான் கொண்டுவந்தாள். வாப்பாவுக்கு ஒன்று, கணவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. றிஸ்கான் அதைக் கவனித்தான். அவள் கவனித்துச் செய்தாளா, கை தானாகச் செய்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மாமனும் மருமகனும் பயணத்தைப் பற்றிக் கதைத்தார்கள். மினாவில் வெயில் எப்படி, காலுக்கு எந்தச் செருப்பு நல்லது என்று. றிஸ்கான் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். அவன் அங்கே நிற்பதை யாரும் குறை சொல்லவுமில்லை, இரு என்று சொல்லவுமில்லை.

தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னதும் வாப்பா எழும்பினார். வாசலில் அவர் செருப்பைப் போடக் குனிந்தபோது றிஸ்கான் முந்திக்கொண்டு அதை எடுத்துக் காலடியில் வைத்தான்.

"வாப்பா, எனக்கு மாப்புத் தாங்க."

காலையிலிருந்து ஊரெல்லாம் அந்தச் சொல்லைச் சுமந்து திரிந்த மனிதர், அது தன்னிடமே வந்து நின்றதும் திகைத்துவிட்டார் போல இருந்தது. செருப்புக்குள் ஒரு காலை விட்டபடி அப்படியே நின்றார்.

"நாளைக்கிக் கேள் மகன்," என்றார் கடைசியில். "இண்டைக்கித் தந்தா நானும் வாயாலதான் தருவன்."

கேற்றைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார். பிக்கப்பின் பக்கத்தால்தான் போனார். கதவைத் திறக்கவில்லை. பள்ளிவாசல் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

றிஸ்கானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிக்கப்பில் ஏறிக் கிளப்பினான். வாப்பாவைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நிறுத்திவிட்டு நிற்கவும் மனம் வரவில்லை. முதல் கியரில், நடை வேகத்தில், அவருக்குப் பின்னால் ஊர்ந்தான். மதுஷன் பெருமையோடு பூட்டிய அந்த டர்போ எஞ்சின் இவ்வளவு மெதுவாகப் போகப் பிடிக்காமல் உறுமியது. தெருவில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

மக்கீனின் பிடவைக்கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். மக்கீன் வெளியே வந்து குரல் கொடுத்தார்.

"என்ன ஹாஜியார், ஏசி பிக்கப்பு பின்னால வருது, நீங்க வெயில்ல நடக்கிறீங்க. மகனோட ஏதும் கோவமா?"

கண்ணாடியை இறக்கியிருந்ததால் றிஸ்கானுக்கு எல்லாம் கேட்டது. வாப்பா நின்றார், திரும்பிப் பிக்கப்பை ஒருதரம் பார்த்தார், பிறகு மக்கீனைப் பார்த்துச் சிரித்தார்.

"சே, சே. அங்க போனா நடைதானே மக்கீன். நடந்து பழகுங்க வாப்பா எண்டு அவன்தான் இறக்கி உட்டவன். நான் களைச்சா ஏத்தத்தான் பின்னாலயே வாறான்."

"மாஷா அல்லாஹ். புள்ளயெண்டா இப்பிடி இரிக்க வேணும்," என்றார் மக்கீன், கடையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

வாப்பா தலையாட்டிவிட்டு மீண்டும் நடந்தார்.

றிஸ்கான் பிரேக்கில் காலை வைத்தபடி இருந்தான். காலையிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுமையை இறக்கிக்கொண்டு வந்த மனிதர், இப்போது மகனுக்காகப் புதிதாக ஒரு பொய்யை ஏற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகிறார்.